எபிடியூரல் போட்ட பிறகு பிரசவ வலியில் தூங்கலாமா?

எட்டு மாதம் ஆகிறது, எபிடியூரல் என்ற முதுகு ஊசி போட்டால் வலி தெரியாமல் தூங்கலாம் என்கிறார்கள், வலியில் தூங்கினால் பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டில் சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தூங்கலாம். இரண்டாவது பிரசவத்தில் நான் ஏறக்குறைய மூன்று மணி நேரம் தூங்கினேன். முதல் பிரசவத்தில் கண்ணே மூடவில்லை. இரண்டையும் பார்த்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்களுக்கு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். முதல் பிள்ளைக்கு வலி கண்டதும் 108 வண்டியில் ராமநாதபுரம் போனோம். பாம்பன் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி தூக்கிப் போட்டது இன்னும் என் இடுப்புக்கு மறக்கவில்லை. அன்று ராத்திரி, மறுநாள் பகல், அடுத்த ராத்திரி என்று வலி இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் முக்கச் சொன்னபோது உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். பிள்ளையை நெஞ்சில் வைத்தபோது பிடித்துக்கொள்ளக் கை வரவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால் இரண்டாவதுக்கு ஏழாம் மாதமே விசாரிக்க ஆரம்பித்தேன். எபிடியூரலுக்கு மயக்க மருந்து டாக்டர் வேண்டும். நடுராத்திரி வலி வந்தாலும் அவர் வருவாரா என்பதுதான் முக்கியம். வருவார் என்று சொன்ன ஒரு தனியார் மருத்துவமனை ராமநாதபுரத்தில் கிடைத்தது. ஒன்பதாம் மாதக் கடைசியிலேயே அங்கே பெரியம்மா வீட்டில் போய் இருந்துகொண்டேன். வலியோடு அந்தப் பாலத்தை இன்னொரு தடவை தாண்ட மனசில்லை.

கர்ப்பப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்தபோது ஊசி போட்டார்கள். முதுகை வளைத்து உட்காரச் சொல்லி, இடுப்புப் பக்கம் மரத்துப்போக முதலில் ஒரு சின்ன ஊசி. அப்புறம் தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே உள்ள இடத்தில் ஒரு குழாயை விட்டார்கள். தூண்டில் நூல் தடிமன்தான் இருக்கும். அதன் வழியாக மருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும். இருபது நிமிடத்தில் வலி இறங்கிவிட்டது. வயிறு இறுகுவது மட்டும் தெரிந்தது. மூக்கு நமைத்தது, உடம்பு நடுங்கியது. இரண்டும் இந்த மருந்தில் வருவதுதான் என்றார் சிஸ்டர். போர்வையை இழுத்துப் போர்த்தினேன், அவ்வளவுதான் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததை அம்மா சொல்லித்தான் கேட்டேன். "எந்திரி தாயி, வலில தூங்கக் கூடாது" என்று அம்மா என்னை உலுக்கப் போயிருக்கிறார். சிஸ்டர் தடுத்து, பக்கத்து மெஷினிலிருந்து வந்துகொண்டிருந்த காகிதத்தைக் காட்டியிருக்கிறார். அதில் இரண்டு கோடு. மேலே பிள்ளையின் இதயத்துடிப்பு, கீழே கர்ப்பப்பை இறுகுவது. கீழ்க்கோடு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மேடாக ஏறி இறங்குகிறது, நானோ வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறேன். "அவங்கதான் தூங்குறாங்க, கர்ப்பப்பை வேலை பார்த்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றாராம் சிஸ்டர். அம்மாவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. "வலையை விட்டுட்டு உங்கப்பா படகுல படுக்கலையா? ஒரு ஆளு முழிச்சிருந்தாப் போதும்" என்று பிறகு என்னிடம் சொன்னார். விடியும்வரை அந்தக் காகிதத்தைப் பார்த்தபடி முழித்திருந்தது அம்மாதான்.

மல்லாந்து மட்டும் படுக்க விடமாட்டார்கள். கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, பிள்ளைக்குப் போகும் ரத்தம் குறையும். முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்து என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அவ்வப்போது பக்கம் மாற்றினார்கள். கால் கனமாக இருந்ததால் நானாகப் புரள முடியவில்லை. பிரஷரும் அடிக்கடி பார்த்தார்கள், ஏனென்றால் இந்த மருந்தில் அது இறங்கலாம்.

மலம் வருவதுபோல் கீழே ஒரு அழுத்தம் வந்து எழுப்பிவிட்டது. பார்த்தால் கர்ப்பப்பை வாய் முழுதாகப் பத்து சென்டிமீட்டர் திறந்திருந்தது. முக்கால் மணி நேரம் முக்கினேன், தெம்பு இருந்தது. பெண் பிள்ளை. இரண்டு கையாலும் நானே வாங்கினேன்.

எல்லோருக்கும் இப்படியே அமையும் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் மரத்து, மறுபக்கம் வலிக்கும். உடனே சொன்னால் குழாயைச் சரிசெய்வார்கள். சிறுநீர் தானாகப் போகாமல் இருக்கலாம் என்பதால் அதற்கும் குழாய் வைக்கலாம். முக்கும் நேரம் சற்று நீளும். ஆனால் எபிடியூரலால் சிசேரியன் கூடும், காலமெல்லாம் முதுகு வலிக்கும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. நூறில் ஒருவருக்கு, பிறகு எழுந்து உட்கார்ந்தால் கடுமையான தலைவலி வரலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

இன்னொன்றைக் கவனமாகக் கேளுங்கள். காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை, மூச்சு விடச் சிரமம், கை மரத்துப்போவது, இவற்றோடு வரும் மயக்கம் தூக்கம் இல்லை. கூட இருப்பவர் அந்த நொடியே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும்.

ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைவாக இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தாலோ ஊசி போட முடியாமல் போகலாம். அதனால் அடுத்த செக்கப்பிலேயே மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க நேரம் கேளுங்கள். பிரசவத்துக்குத் துணையாக உங்கள் அம்மாதான் வருகிறார் என்றால், காகிதத்தில் இரண்டு கோடு வரும் என்பதை இப்போதே சொல்லிவையுங்கள்.