சூழலியலும் சுற்றுச்சூழல் மேலாண்மையும் ஒரே படிப்பா? பல்கலைக்கழகத்தில் என்ன சொல்லித் தருவார்கள்?

ஒரே பட்டமாகக் கொடுத்தாலும் இரண்டும் வேறு வேறு. ஓர் உயிரினம் ஏன் இங்கே இருக்கிறது, அங்கே இல்லை, எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று கேட்பது சூழலியல். அந்த விடையை வைத்து மனிதர்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று முடிவெடுப்பது மேலாண்மை. அதனால் அதில் சட்டம், பொருளாதாரம், தாக்க மதிப்பீடு (ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே கணிப்பது), ஐஎஸ்ஓ 14001 (நிறுவனங்களின் சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை) எல்லாம் வந்துவிடும்.

சேருகிறவர்கள் பலரும் எதிர்பார்க்காதது புள்ளியியல். ஒரு குளத்து மீன்களை எப்படி எண்ணுவது? 50 மீன்களைப் பிடித்து, அடையாளமிட்டு, திரும்ப விடுவார்கள். சில நாள் கழித்து 40 மீன்களைப் பிடிக்கும்போது அதில் 10, அதாவது கால் பங்கு, அடையாளத்தோடு இருந்தால், முதலில் அடையாளமிட்ட 50-ம் மொத்தத்தில் கால் பங்குதான்; அப்படியானால் குளத்தில் சுமார் 200 மீன்கள். ஆனால் இடையில் எந்த மீனும் சாகவில்லை, புதிதாக எதுவும் வரவில்லை, அடையாளம் கழன்று விழவில்லை என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு. இந்த அனுமானங்களைச் சந்தேகப்படப் பழகுவதுதான், என்னைக் கேட்டால், படிப்பில் பாதி.

அப்புறம் ஜிஐஎஸ் (இடம் சார்ந்த தகவல்களைக் கணினியில் வரைபடமாக்கும் முறை) வரைபடங்கள், ஆர் (R) என்ற நிரல் மொழியில் தரவுப் பகுப்பாய்வு. களப்பணி உண்டு, சேறும் பூச்சிக்கடியும் உண்டு. ஆனால் ஒரு நாள் சேகரித்த தரவோடு பல நாள் கணினி முன் உட்கார வேண்டியிருக்கும் (இதை விளம்பரப் படங்களில் காட்ட மாட்டார்கள்!).

பள்ளியில் வேதியியலை விட்டவர்கள் நீர், மண் பரிசோதனைப் பாடங்களில் கொஞ்சம் திணறுவார்கள், சமாளித்துவிடலாம். சேரும் முன் பாடத்திட்டத்தில் களப்பணிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். கல்லூரிக்குக் கல்லூரி அதுதான் பெரிதாக மாறும்.