ரயிலில் வரும் தூக்கம் கட்டிலில் ஏன் வருவதில்லை?

கேள்வி: எனக்கு வயது 36. செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்குத் தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் வேலைக்குப் போய் வருகிறேன். காலை 5 மணிக்கு எழுந்து, சமையலை முடித்துவிட்டு ரயில் ஏறினால், உட்கார்ந்ததுதான் தெரியும், அடுத்த ஸ்டேஷனான பரனூர் தாண்டியது தெரியாது. சாயங்காலம் திரும்பும்போதும் அப்படித்தான். ஆனால் இரவு 10:30 மணிக்குக் கட்டிலில் படுத்தால் 12:30 வரை புரண்டுகொண்டே இருக்கிறேன். "மூணு வயசு வரைக்கும் உன்னைத் தூளியில போட்டு ஆட்டினேன், அந்தப் பழக்கம்தான் விடலை" என்கிறார் அம்மா. ஊஞ்சல் கட்டில் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று இவர் விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். ஆட்டம் இருந்தால்தான் தூக்கம் வரும் என்பது ஏதாவது நோயா? அக்காவின் ஆறு மாதக் குழந்தையும் தூளியில்தான் தூங்குகிறது. அதையும் இப்போதே நிறுத்தச் சொல்லட்டுமா?
— வாசகி, செங்கல்பட்டு

பதில்: நோய் இல்லை. அம்மா ஆட்டிய தூளி மேலும் பழி போடாதீர்கள். லேசாக ஆடிக்கொண்டிருந்தால் கண்ணைச் சொருகுவது மனிதர்களுக்குப் பொது. தூளியைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் அது உண்டு. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது ஆட்டம் அல்ல, "சாயங்காலம் திரும்பும்போதும் அப்படித்தான்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. அதற்கு வருகிறேன். முதலில் ஊஞ்சல் கட்டிலைப் பார்த்துவிடலாம், காசு போகப்போகிற விஷயம் அதுதானே.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் ஆடும் கட்டில் ஒன்றைச் செய்து, ஆட்களைப் படுக்கவைத்தே சோதித்துப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான முதல் ஆய்வு மதியம் 45 நிமிடம் போடும் குட்டித் தூக்கத்தைப் பற்றியது. கட்டில் 4 நொடிக்கு ஒருமுறை போய்வரும் வேகத்தில் ஆடியபோது எல்லோருமே இன்னும் சீக்கிரமாகத் தூங்கினார்கள். 2019-ல் முழு இரவுக்கும் செய்தார்கள். 18 பேர், இடமும் வலமுமாகச் சுமார் 10 செ.மீ. அசையும் கட்டில், அதே 4 நொடி வேகம். ஆடாத கட்டிலில் படுத்த இரவைவிட இதில் தூக்கம் சீக்கிரம் வந்தது, ஆழ்ந்த தூக்கம் கூடியது, நடுவில் விழிப்புத் தட்டுவது குறைந்தது. முந்தின இரவு மனப்பாடம் செய்த சொற்களைக் காலையில் கேட்டபோது கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள்.

காரணம் காதுக்குள் இருக்கிறது. உள்காதில், கேட்பதற்கான பகுதியை ஒட்டியே, தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று மூளைக்குச் சொல்லும் உறுப்பு ஒன்று உண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள், மெல்லிய முடிகளின் மேல் ஒரு பசையில் உட்கார்ந்திருக்கும். உடம்பு அசைந்தால் துகள்கள் நகர்ந்து அந்த முடிகளை வளைக்கும், அதுதான் சேதி. ஒரே சீராக அசைவு வந்துகொண்டே இருந்தால், தூங்கும்போது மூளையில் எழும் மெதுவான அலைகளும் அவற்றோடு வந்து போகும் வேகமான குட்டி அலைகளும் ஆட்டத்தின் தாளத்துக்கு ஒத்துப்போகின்றன என்பதை ஜெனீவாக்காரர்கள் பதிவு செய்தார்கள். அதே ஆண்டு லொசான் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். அந்தச் சுண்ணாம்புத் துகள் உறுப்பு வேலை செய்யாத எலிகளுக்கு ஆட்டத்தால் ஒரு பலனும் இல்லை. மற்ற எலிகளுக்குக்கூட 4 நொடி ஆட்டம் போதவில்லை, நொடிக்கு ஒரு ஆட்டம் தேவைப்பட்டது.

சரி, அப்படியானால் வாங்கிவிடலாமா? வேண்டாம் என்பது என் கட்சி. ஜெனீவாவில் படுத்தவர்கள் நன்றாகத் தூங்கும் இளவயதுக்காரர்கள், உங்களைப் போல் புரள்கிறவர்கள் அல்ல. சூரிச்சில் நடந்து 2018-ல் வெளியான இதே மாதிரி ஆய்வில் இரவுத் தூக்கம் சொல்லிக்கொள்ளும்படி மேம்படவும் இல்லை. அப்புறம், அந்தக் கட்டில்களை மோட்டார் ஆட்டியது; உங்கள் கட்டிலை ராத்திரி முழுக்க ஆட்டப்போவது யார்? வேகக் கணக்கும் உதைக்கிறது. ஊஞ்சல் ஒருமுறை போய்வர ஆகும் நேரம் சங்கிலியின் நீளத்தைப் பொறுத்தது, படுத்திருப்பவர் எடையைப் பொறுத்தது அல்ல. 4 நொடி வேண்டுமென்றால் சங்கிலி 13 அடி இருக்க வேண்டும். பத்தடி உயரக் கூரையில் 7 அடிச் சங்கிலி போட்டால் 3 நொடியில் போய்வந்துவிடும். சாயங்காலம் உட்கார்ந்து காற்று வாங்க ஊஞ்சல் அருமையான சாமான், தாராளமாக வாங்குங்கள். தூக்கத்துக்கு மருந்தாக வாங்காதீர்கள்.

இனி உங்கள் ரயிலுக்கு வருவோம். 12:30-க்குத் தூங்கி 5 மணிக்கு எழுந்தால் நாலரை மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமாவது வேண்டும். தூக்க மருத்துவர்கள் பகலில் செய்யும் சோதனை ஒன்று உண்டு. இருட்டறையில் படுக்கவைத்து, எத்தனை நிமிடத்தில் தூங்குகிறார் என்று சில முறை பார்ப்பார்கள். சராசரி 8 நிமிடத்துக்குள் வந்தால் அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம் என்று கணக்கு. அந்தக் கட்டில் ஆடாது. நீங்கள் பரனூருக்குள் தூங்கிவிடுகிறீர்கள் என்றால் ரயில் தாலாட்டுகிறது என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி, உடம்பு தூக்கத்துக்குக் கடன்பட்டிருக்கிறது.

அந்தக் கடனைத் தப்பான நேரத்தில் அடைக்கிறீர்கள். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அதுதான் இரவில் கண்ணைத் தள்ளுவது, தூங்கினால் குறையும். ஆறரை மணிக்குக் கிண்டியில் ஏறி ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கி இறங்கிவிட்டு, பத்தரைக்குப் படுத்தால் எப்படி வரும்? ஏழு மணிக்கு நாலு பஜ்ஜி சாப்பிட்டவருக்கு ராத்திரிச் சோறு இறங்குமா?

ஆகவே இரண்டு வாரத்துக்குச் சாயங்கால ரயிலில் தூங்காதீர்கள். தாம்பரத்தில் கூட்டம் இறங்கி இடம் காலியாகும், உடனே உட்கார்ந்துவிடாதீர்கள். கால் வலித்தால் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டு வாருங்கள், அம்மாவுக்குப் போன் போடுங்கள். காலை ரயில் தூக்கத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம், அது அவ்வளவு கெடுதல் இல்லை. நாலு மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். தூக்கம் வராமல் பத்தரைக்கே படுத்துப் புரள்வதைவிடக் கண் சொருகும்போது படுப்பது மேல், முதல் சில நாள் அது பதினொன்றரை ஆனாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை 9 மணி வரை தூங்குவதாக இருந்தால் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் விலை விசாரிக்கிறவர் காலை டிபனைக் கையில் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு அரை மணி கூடுதலாகக் கிடைக்கும், இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

குழந்தை விஷயம். ஆட்டித் தூங்கவைப்பதால் கெட்டுப்போகாது. ஆனால் தூளித் துணிக்குள் குழந்தை வளைந்து, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைபடலாம்; முகத்தில் துணி மூடலாம்; புரளத் தொடங்கிய ஆறு மாதக் குழந்தை வெளியே சரியலாம். அதனால் தூங்கியதும் எடுத்து, தலையணை இல்லாத சமதளப் படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைப்பதுதான் பாதுகாப்பு. கீழே விட்டதும் அலறுகிறதா? ஜப்பானின் ரிகென் ஆய்வு நிலையத்தினர் 2022-ல் ஒரு வழி சொன்னார்கள்: தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நிற்காமல் நடப்பது, தூங்கிய பிறகு 5 முதல் 8 நிமிடம் மடியிலேயே வைத்து உட்கார்ந்திருப்பது, அப்புறம் கிடத்துவது. அழுகிறதே என்று குழந்தையை வேகமாகக் குலுக்குவது மட்டும் ஒருபோதும் கூடாது, மூளையில் ரத்தக்கசிவு வரை போய்விடும்.

ஒன்றே ஒன்று கேட்க மறந்தேன்: குறட்டை விடுவீர்களா? உங்களுக்குத் தெரியாது, வீட்டுக்காரரைக் கேளுங்கள். பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவது, காலையில் தலைவலி என்று ஏதாவது இருந்தால் மேலே சொன்ன இரண்டு வாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். காது மூக்கு தொண்டை அல்லது நுரையீரல் மருத்துவரிடம் போய்த் தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.