வாக்குச்சாவடிக்கு இடம் தேர்ந்தெடுக்க ஜிஐஎஸ் (இடத் தகவல்களைக் கணினியில் வரைபடமாக்கும் முறை) வரைபடங்கள் உண்மையிலேயே உதவுகின்றனவா?

உதவும். ஆனால் இரண்டு கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு, "வாக்காளர் அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்" என்று அறிக்கை எழுதத்தான் உதவும் என்றால், அந்த உதவி எங்களுக்கு வேண்டாம்.

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வரைபடங்களைக் கணினியில் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. போலியோ தாக்கிய கால், ஊன்றுகோல், மூன்று சக்கர ஸ்கூட்டர். எனவே இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்று கொஞ்சம் திமிராகவே சொல்லிக்கொள்வேன்.

வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறிமுறை. எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடச் சாவடி, நேர்க்கோட்டில் ஒரு கிலோமீட்டர்கூட வராது. நடுவில் ரயில் பாதை. லெவல் கிராசிங்கை மூடிவிட்டுச் சுரங்கப்பாதை வெட்டியிருக்கிறார்கள். 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது அதில் முழங்கால் அளவு தண்ணீர். நடக்க முடிந்தவர்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு போனார்கள். நான் மேம்பாலம் வழியாக ஊரைச் சுற்றிப் போனேன்.

அந்த ஆத்திரத்தில்தான் உட்கார்ந்தேன். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் சாலைகளை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இறக்கி, சுரங்கப்பாதையை மட்டும் துண்டித்துவிட்டு, சாலை வழித் தூரத்தைக் கணக்கிட்டேன். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கத் தெருக்கள் எல்லாமே இரண்டு கிலோமீட்டரைத் தாண்டின. அவற்றுக்குச் சிவப்பு வண்ணம் கொடுத்து, அச்செடுத்து, மனுவோடு தாலுகா அலுவலகத்தில் கொடுத்தேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் பக்கத்துச் சமுதாயக் கூடத்துக்கு ஒரு சாவடி வந்தது.

"கொரோனாவால் சாவடிக்கு ஆயிரம் பேர் என்று பிரித்தார்கள், அதனால் வந்தது" என்று கிளம்புவீர்கள். இருக்கட்டும். பிரித்ததைப் பழைய பள்ளியிலேயே அடுத்த அறையில் வைத்திருக்கலாமே? பல ஊர்களில் அப்படித்தானே செய்தார்கள்? "வீட்டிலிருந்தே தபால் வாக்கு போடலாமே" என்பார் இன்னொருவர். அதற்கு விண்ணப்பிக்கும் 12டி படிவம் எனக்கும் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். எனக்கு வரிசையில் நின்று விரலில் மை வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வரைபடத்தில் வராத சங்கதியும் உண்டு. நில உயரத்தைக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் தரவில் ஒரு கட்டமே 30 மீட்டர் அகலம்; வாசலில் இருக்கும் மூன்று படிகள் அதில் எங்கே தெரியும்? எல்லாச் சாவடியும் மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 11ஆவது பிரிவே சொல்கிறது. நடப்பில், சாய்தளம் 'உண்டு' என்று படிவத்தில் ஒரு டிக். உயரம் ஒன்றுக்கு நீளம் பன்னிரண்டு என்பது கணக்கு. ஒன்றரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம் வேண்டும். எங்கள் சமுதாயக் கூடத்தில் ஐந்தாறு அடிக்குள் முடித்து, மேலே வழவழவென்று சிமெண்ட் பூசியிருந்தார்கள். கைப்பிடி கிடையாது. ஊன்றுகோலின் ரப்பர் முனை பிடிக்கவே இல்லை. கடைசியில் காவலர் ஒருவர் அக்குளில் கைகொடுத்து ஏற்றிவிட்டார்.

இதாவது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் ஏடிஎம்முக்கு நான்கு கிரானைட் படிகள். மாதாமாதம் முன்பின் தெரியாதவரிடம் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டு வெளியே நிற்கிறேன். எழுதிக் கொடுத்த புகாருக்கு இன்றுவரை பதில் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், தெரியும்.

ப்ராஜெக்டுக்கு வருவோம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் கையால் வரைந்த பகுதி வரைபடம் வைத்திருப்பார். முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதை அவரிடமே விசாரியுங்கள். சாவடிகளின் அட்டவணையில் படிகளின் எண்ணிக்கைக்கும் சாய்தளத்தின் நீளத்துக்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நேரில் போனால்தான் அந்தப் பத்திகள் நிரம்பும்.