அப்பாவிடம் என்ன கேட்பது?

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் கீழக்கரை போகிறேன். சதக்கத்துல்லாஹ் அப்பா அடங்கியிருக்கும் இடத்தைப் பார்க்க ஆசை. நான் இந்து, உள்ளே போகலாமா? எந்தக் கிழமை நல்லது? மகனுக்கு நீட் தேர்வு வருகிறது, வேண்டிக்கொள்ளலாமா? உமறுப்புலவரின் உடையைப் பார்த்து முதலில் திருப்பி அனுப்பியவர் இவர்தானே?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

கிழமை எதுவானாலும் சரி. தலையை மூடிக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். உமறு கதையை விடுங்கள், அதை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

நீட்டுக்கு வேண்டுதலா? படித்ததும் கோபம்தான் வந்தது. காயல்பட்டினத்தில் 1632இல் பிறந்து 1703இல் மறைந்த பெரிய ஆலிம், அதாவது மார்க்க அறிஞர் அவர். அதே கீழக்கரையில் அடங்கியிருக்கும் வள்ளல் சீதக்காதிக்கு குரு. இத்தனை கேள்வி கேட்டீர்களே, அவர் என்ன எழுதினார் என்று ஒன்று கேட்கத் தோன்றியதா? தர்காக்களை எல்லாம் தாலுகா ஆபீஸ் ஆக்கிவிட்டோம். மனுவை நீட்ட வேண்டியது, திரும்பி வர வேண்டியது. இதில் இந்து, முஸ்லிம் வித்தியாசமே கிடையாது.

நபிகள் மேல் பாக்தாத் கவிஞர் ஒருவர் பாடிய வித்ரிய்யா என்ற அரபுக் கவிதையை எடுத்து, ஒவ்வொரு ஈரடிக்கும் முன்னால் தானே மூன்றடி பாடிச் சேர்த்தார் அப்பா. தக்மீஸ் என்பார்கள். அந்த மூன்றும் பழைய முதலடியின் இயைபிலேயே முடிய வேண்டும். பொருளும் இடறாமல் அதில் போய்ச் சேர வேண்டும். மூலத்தைப் பாடிய பாக்தாத் கவிஞரோ எப்போதோ இறந்துபோனவர். அவர் பேச்சு எங்கே தொடங்குகிறதோ அதுவரை இவர் கூட நடந்து போகிறார், அவ்வளவுதான். ஒரு பெரியவரின் கபுரடியில் நிற்பதற்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

காயல்பட்டினத்தில் ஒருமுறை வித்ரிய்யா ஓதக் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்த பெரியவர் கிதாபைத் திறக்காமலே வரி தப்பாமல் ஓதினார். அர்த்தம் தெரியுமா என்றேன். “வாப்பா ஓதுனாங்க, நானும் ஓதுறேன்” என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். 300 வருடமாக அந்தப் பாட்டைக் காப்பாற்றி வைத்திருப்பது அவரைப் போன்றவர்களின் தொண்டைதான். கல்லூரி வரை படித்துவிட்டு, கிழமை விசாரிக்கிற உங்களிடம்தான் எனக்கு வழக்கு. போகுமுன் விவரம் தெரிந்த ஓர் ஆலிமிடம் உட்கார்ந்து, அதில் ஐந்தடிக்காவது பொருள் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனையும் கூட்டிப் போங்கள். ஆனால் அங்கே வைத்துத் தேர்வைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். ஒரு மணி நேரமாவது பிள்ளை நிம்மதியாக இருக்கட்டும்.