ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூக்களைத் தவிர பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

மே மாத மலர்க் கண்காட்சியின்போதுதான் போக வேண்டுமா, கோவையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மரம் செடிகளை நின்று பார்க்கும் விருப்பம் உள்ளவர் என்றால், கண்காட்சி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள் என்பதே திருப்பூரிலிருந்து பலமுறை போய் வந்தவனாக நான் சொல்லும் முதல் வார்த்தை. அந்த நாட்களில் கூட்டத்தோடு நகர்ந்தபடி தொட்டிப் பூக்களைத்தான் பார்க்க முடியும். அந்தப் பூங்காவின் செல்வம் அதன் மரங்கள்.

தொட்டபெட்டாவின் கீழ்ச்சரிவில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,250 மீட்டரிலிருந்து 2,500 மீட்டர் வரை, சுமார் 22 ஹெக்டேர் பரப்பில் அது மேலேறிச் செல்கிறது. அங்கே குடியேறிய ஐரோப்பியர்கள் தங்கள் நாட்டுக் காய்கறிகளை விளைவித்துக்கொள்ளத் தொடங்கிய முயற்சியை, 1848இல் பொறுப்புக்கு வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் தாவரவியல் பூங்காவாக வளர்த்தெடுத்தார். மலேரியாக் காய்ச்சலுக்குத் தரும் கொய்னா மருந்துக்கான சின்கோனா மரத்தை நீலகிரியில் பயிராக்கியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நீலகிரி 1868இல்தான் தனியாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் அது கோயம்புத்தூரோடு சேர்ந்திருந்ததால், இதை நம் கொங்கு நாட்டுக் கதையின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன். மேட்டுப்பாளையம் மண்டிகளில் இன்று வந்து இறங்கும் உருளைக்கிழங்கும் கேரட்டும் அப்படி வெளியிலிருந்து மலையேறி வந்த பயிர்கள்தாம்.

கீழ்த் தோட்டத்தின் புல்வெளியில் நேரத்தைச் செலவழித்துவிடாமல், பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே மேலே நடந்து செல்லுங்கள். குரங்குகூட ஏறத் தயங்கும் என்று சொல்லப்படும் முள்ளிலை கொண்ட ‘மங்கி பசில்’ மரம், புட்டி மூடிகளுக்கான தக்கையைப் பட்டையாகத் தரும் கார்க் மரம், காகித அடுக்குகளைப் போலப் பட்டை உரியும் மரம் ஆகிய மூன்றையும் அருகில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு கோடி ஆண்டுகள் பழமையானது என்று கூறப்படும் கல்லாகிப்போன அடிமரம் ஒன்றும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடி மாளிகையை விரைவாகப் பார்த்துவிட்டாலே போதும்.

வெளிநாட்டு மரங்களை மட்டும் பார்த்துத் திரும்பினால் நீலகிரியைப் பார்த்ததாகாது. புல்வெளியும் சோலைக்காடும் மாறி மாறி அமைந்ததே இந்த உயர்மலையின் சொந்த இயற்கை. சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. குளிரும் காற்றும் அவற்றை உயரவிடாமல் தலைகவிந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. தளிர்கள் பல செந்நிறத்தில் துளிர்க்கும். காட்டுப் பூவரசு எனப்படும் ரோடோடென்ட்ரான் செக்கச்செவேலெனப் பூக்கும் காலம் பனிக்காலமும் அதை ஒட்டிய வாரங்களும்தான். ஆகவே என் தேர்வு பிப்ரவரி மாதம், அதிலும் வார நாள். பூங்காவின் மேற்பகுதியில் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் மந்து ஒன்று இருக்கிறது. அது அவர்களுடைய குடியிருப்பு என்பதை நினைவில் வைத்து, அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

ஒரே நாளில் தாராளமாகப் போய் வரலாம். விடியலில் கோவையை விட்டுக் கிளம்பி, படகு இல்லத்தை விட்டுவிட்டு, முற்பகல் முழுவதையும் பூங்காவுக்கே கொடுங்கள். இறங்கும் வழியில் நேரம் இருந்தால் குன்னூரில் 1874இல் உருவான சிம்ஸ் பூங்காவில் சற்று நில்லுங்கள். ஊட்டியைவிட பல நூறு மீட்டர் தாழ்வான அந்த இடத்தில் ருத்திராட்ச மரத்தையும் பார்க்கலாம். சொந்த வாகனம் என்றால் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் விதிகளைக் கிளம்பும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.