டிஎன்ஏவைச் சில்லில் அடுக்கும் ஆய்வு: மகள் எதைப் படிக்கலாம்?

மதிப்பிற்குரிய ஐயா,

டிஎன்ஏ வடிவங்களைச் சிலிக்கான் சில்லின் மேல் வரிசையாகப் பொருத்தும் ஆய்வுக்கே போவேன் என்று ப்ளஸ் டூ படிக்கும் மகள் பிடிவாதமாக நிற்பதாகவும், அது சோறு போடுமா என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வேலையின் தன்மையைப் பார்த்துவிட்டால் எந்தப் பாடம் என்பது தானாகவே விளங்கும்.

2006இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ராதமண்ட், வைரஸ் ஒன்றின் 7,000 எழுத்துகளுக்கு மேல் நீளமுள்ள ஒற்றை டிஎன்ஏ இழையை, 200க்கும் மேற்பட்ட குட்டி இழைகளால் ஆங்காங்கே பிணைத்து, சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள முக்கோணம், நட்சத்திரம் போன்ற வடிவங்களாக மடித்துக் காட்டினார். ஆனால் கரைசலில் மிதக்கும் அவற்றைச் சில்லில் ஊற்றினால் கண்டபடி ஒட்டிக்கொள்ளும். இதற்கு 2009இல் அவரும் ஐபிஎம் ஆய்வாளர்களும் ஒரு வழி கண்டார்கள். சில்லின் சிலிக்கா (சிலிக்கான் ஆக்சைடு) மேற்பரப்பை நீர் ஒட்டாத படலத்தால் மூடி, எலெக்ட்ரான் கற்றையின் துணையோடு முக்கோணத்தின் அளவுக்கே படலத்தை நீக்கினால், அவ்விடத்தில் மட்டும் எதிர்மின்னூட்டம் தோன்றுகிறது. டிஎன்ஏவுக்கும் அதே மின்னூட்டம்தான் என்பதால் இரண்டும் விலகியோட வேண்டும். ஆனால் கரைசலிலுள்ள நேர்மின்னூட்டமுள்ள மெக்னீசியம் அயனிகள் நடுவில் புகுந்து அவற்றைச் சேர்த்துவைக்கின்றன. மெக்னீசியத்தின் அளவோ கரைசலின் அமில-காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் மதிப்போ பிசகினால் சில இடங்கள் காலியாகக் கிடக்கும், சிலவற்றில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். முக்கோணம் எந்தப் பக்கமாகத் திரும்பி அமரும் என்ற சிக்கலோ 2021 வரை இழுத்தது. முக்கோணத்துக்குப் பதிலாக வந்த, மையம் விலகிய துளையுள்ள வட்டு வடிவம்தான் அதைத் தீர்த்தது.

பெயரில் டிஎன்ஏ இருந்தாலும் இதில் உயிரியல் குறைவு என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆகவே ‘நானோ’ என்ற பெயருக்காகவே ஓர் இளநிலைப் படிப்பில் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேதியியலோ இயற்பியலோ ஆழமாகப் படிக்கட்டும். மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர், ஐஐஎஸ்சி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் நல்ல ஆய்வகமுள்ள கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து, எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதலாம். பெங்களூரு ஐஐஎஸ்சியின் நானோ மையத்திலுள்ள தூய அறையில் (தூசி புகாத ஆய்வுக்கூடம்) வெளி நிறுவன ஆய்வு மாணவர்களுக்கும் பயிற்சி உண்டு.

வேலை பற்றி மறைக்காமல் சொல்கிறேன்: இத்துறை இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்துக்குள்தான் இருக்கிறது, முனைவர் பட்டம் வரை பத்தாண்டு ஆகலாம். ஆயினும் வழியில் கற்கும் லித்தோகிராஃபியும் (சில்லின் மேல் நுண்வடிவங்களைப் பொறிக்கும் முறை) அணுவிசை நுண்ணோக்கிப் பயிற்சியும் குறைக்கடத்தி நிறுவனங்களிலும் மதிப்புள்ளவை.

தேர்வு முடிந்ததும், டிஎன்ஏ மடிப்பை வடிவமைக்கும் கேட்நானோ என்ற இலவச மென்பொருளை மகளுக்கு நிறுவிக் கொடுங்கள். ஒரு சதுரத்தை வரைந்து முடிக்கும்வரை பொறுமையாக உட்காருகிறாளா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். எந்தெந்த நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிப்பது என்பதை அதன் பிறகு முடிவுசெய்யலாம்.