அட்டை கையில் இருக்கிறது, பெயர் எங்கே? – வாக்காளர் கேள்வி-பதில்

டெல்டா மாவட்ட வாசகர்கள் ஓட்டுரிமை பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே ஓட்டுச்சாவடி, அன்றைக்கு விடுமுறையும் விடுகிறார்கள். சாதாரண மனிதனுக்கு இதில் என்ன தடை? அக்கறை இல்லாதவர்கள்தானே வராமல் இருக்கிறார்கள்?
– வாசகர், நீடாமங்கலம்

ஓட்டுப்பதிவு நாளை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. சாவடி இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பொது நெறி. மாலை முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து தொடங்கி எண் போட்ட சீட்டுக் கொடுத்து, எத்தனை மணியானாலும் ஓட்டுப் போட விட வேண்டும்.

தடை விழுவது அதற்குப் பல மாதம் முன்னால், பட்டியலில். வாக்காளர் அட்டை நீங்கள் யார் என்று காட்டும், அவ்வளவுதான். ஓட்டுப் போடும் உரிமை அந்தச் சாவடியின் பட்டியலில் பெயர் இருப்பதால் வருகிறது. 2025 நவம்பர் 4-ல் வீடு வீடாகத் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு (எஸ்.ஐ.ஆர்.) பிறகு, டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள் பெயரும் இரட்டைப் பதிவும் நீங்கியது நியாயமே. 'முகவரியில் இல்லை', 'இடம் மாறிவிட்டார்' என்று நீக்கப்பட்டவர்களைப் பற்றித்தான் எங்கள் கவலை. அந்த வாரங்களில் இங்கே சம்பா, தாளடி வயல்களில் வேலை, மழை வேறு. பகலில் வீடு தேடி வரும் பி.எல்.ஓ.வுக்கு (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) பூட்டிய கதவுதான் தெரியும். குடும்பத்தோடு திருப்பூருக்கோ கேரளத்துக்கோ பிழைக்கப் போனவர் வீட்டில் தகவல் சொல்லக்கூட ஆள் இருக்காது. இதை அக்கறையின்மை என்று எழுதிவிடுவது பெரிய அநியாயம்.

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் தேடும்போது பெயரை வைத்துத் தேடாதீர்கள். எழுத்து ஒன்று மாறினாலும் 'இல்லை' என்று வரும். அட்டை எண்ணைப் போட்டுத் தேடி, பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். செல்போன் வசதி இல்லையென்றால் பி.எல்.ஓ.விடம் உள்ள பட்டியலில் பார்க்கலாம், 1950 என்ற உதவி எண்ணுக்கும் பேசலாம். பெயர் இல்லாவிட்டால் படிவம் 6 கொடுத்து மறுபடி சேருங்கள். விண்ணப்பம் தள்ளுபடியானால், உத்தரவு வந்த 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் முடியவில்லை என்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். இரண்டுக்கும் வக்கீல் வேண்டாம். ஆனால் கூலிக்காரருக்குத் தாலுகா ஆபீசுக்கு ஒரு நடை என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. அந்த நடையைப் பஞ்சாயத்து அளவில் ஒரு முகாம் போட்டே மிச்சப்படுத்திவிடலாம்.

நாள் கணக்கும் முக்கியம். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் புதுப்பெயர் சேராது. விண்ணப்பத்தை ஏழு நாள் ஆட்சேபத்துக்கு வைக்க வேண்டும் என்பதால், அந்தத் தேதிக்குப் பத்து நாள் முன்பாவது கொடுத்தால்தான் பிழைக்கும்.

கல்யாணமாகி மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் வந்தேன். இங்கே புதிதாக எழுதிக் கொடுத்தால் போதுமா?
– வாசகி, கும்பகோணம்

வேண்டாம் அம்மா. படிவம் 6 எந்த ஊர்ப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர்களுக்கானது. ஏற்கெனவே பெயர் இருக்கும்போது அதை நிரப்பினால் இரண்டு இடத்தில் பதிவாகும். தெரிந்தே பொய் உறுதி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. நடைமுறையில் இன்னொரு ஆபத்து: இரட்டைப் பதிவைக் களையும்போது எந்தப் பெயர் நிற்கும், எது போகும் என்பது உங்கள் கையில் இருக்காது.

நீங்கள் கொடுக்க வேண்டியது படிவம் 8. அதில் 'இடமாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பழைய அட்டை எண்ணை எழுதி, புது முகவரிக்கு ஆதாரோ வங்கிப் புத்தகமோ இணையுங்கள். பழைய ஊரில் பெயர் நீங்கி இங்கே ஏறும், அட்டை எண் மாறாது. பிழை திருத்தத்துக்கும், தொலைந்த அட்டைக்கும் இதே படிவம்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஓட்டு திருவாரூரில். இங்கிருந்தே போட வழி உண்டா?
– வாசகர், திருப்பூர்

இன்றைக்கு இல்லை. வெளியூரிலிருந்தே ஓட்டுப் போடும் இயந்திரத்தை ஆணையம் 2022 டிசம்பரில் முன்வைத்தது, ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. உங்களுக்கு இரண்டு வழி. பெரும்பாலான நாள் திருப்பூரில்தான் இருக்கிறீர்கள் என்றால் படிவம் 8 மூலம் பதிவை அங்கே மாற்றலாம். முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தம் என்றால் பதிவு செய்ததைத்தான் கேட்பார்கள், வீட்டுக்காரர்கள் அதைத் தருவது அபூர்வம். ஆவணம் இல்லை என்று திருப்பி அனுப்பினால், நேரில் வந்து விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு வழி உண்டு.

ஊர் ஓட்டே வேண்டும் என்றால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ன் 135பி (B) பிரிவின்படி ஓட்டுப்பதிவு அன்று சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும். தினக்கூலிக்கும் இது பொருந்தும். மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான் என்பது வெட்கக்கேடு. விடுமுறையும் ஒரு நாள்தான், போகவர இரண்டு ராத்திரி பஸ் பயணம்.

ரேஷன் ஸ்மார்ட் கார்டைக் காட்டி ஓட்டுப் போடலாமா? என் ஓட்டை வேறு யாரோ போட்டிருந்தால்?
– வாசகர், வேதாரண்யம்

ரேஷன் கார்டு ஏற்கப்படாது. பூத் சிலிப் மட்டும் இருந்தாலும் போதாது. வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் புத்தகம், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றில் ஒன்றைக் கொண்டு போகலாம். களை பிடுங்கிப் பிடுங்கி ரேகை தேய்ந்தவர்கள் பயப்பட வேண்டாம், அங்கே ரேகை பொருத்தும் இயந்திரம் கிடையாது.

உங்கள் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். சாவடியின் தலைமை அலுவலரிடம் 'ஆய்வுக்குரிய வாக்கு' கேளுங்கள். தேர்தல் நடத்தும் விதிகளில் 49பி (P)-யின்படி அச்சிட்ட வாக்குச்சீட்டு தருவார்கள். அது தனி உறைக்குள் போகும். வழக்கில் நீதிமன்றம் சொன்னாலொழிய எண்ண மாட்டார்கள். இருந்தாலும் கள்ள ஓட்டு நடந்ததற்கு அது எழுத்துச் சாட்சி.

அம்மாவுக்கு 87 வயது, நடக்க முடியாது. வீட்டிலேயே ஓட்டுப் போட முடியுமா?
– வாசகர், சீர்காழி

முடியும். 85 வயதைத் தாண்டியவர்களுக்கும் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ளவர்களுக்கும் படிவம் 12டி உண்டு. தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பலர் தவறவிடுவது இங்கேதான். ஓட்டு வாங்க வீட்டுக்கு அலுவலர் குழு வரும் தேதியை முன்கூட்டியே சொல்வார்கள். முதல் தடவை ஆள் இல்லையென்றால் இன்னொரு முறை வருவார்கள், அதோடு சரி. வீட்டு ஓட்டு அனுமதியானபின் சாவடிக்குப் போனாலும் போட முடியாது. அதனால் அந்த நாட்களில் அம்மாவை மகள் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.